ஒஸெல்லா தைத்த சீட்டு

ஆராதனை முடிந்து எல்லோரும் கீழ்த்தளக் கூடத்தில் பொரித்த கோழியும் கீரையுமாகத் தட்டை ஏந்தி உட்கார்ந்திருந்தபோது, சபைப் பொறுப்பாளர்களில் ஒருவரான டீக்கன் லூஷியஸ் பிராஸ்வெல் எழுந்து தொண்டையைக் கனைத்தார். இந்த வருடம் போதகருக்கு மான்ட்ரோஸ் கார் வேண்டாம், ஜெர்மன் கார் வாங்கிக் கொடுக்கலாம் என்றார்.

டெட்ராய்ட்டின் மேற்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் சபையில் நாற்பது வருடமாக ஒரு வழக்கம் உண்டு. நாலு வருடத்துக்கு ஒருமுறை, போதகர் பொறுப்பேற்ற ஆண்டு விழாவன்று, சபை அவருக்குப் புது வண்டி கொடுக்கும். அது மான்ட்ரோஸாகத்தான் இருக்கும். அதை யாரும் தீர்மானம் போட்டு முடிவு செய்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை தொப்பி போடுவதை யாராவது தீர்மானம் போட்டா முடிவு செய்கிறார்கள்?

"ஏன் வேண்டாம்னு சொல்றீங்க, டீக்கன்?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வாசலில் நின்று ஆட்களை உட்கார வைக்கும் பெண்கள் குழுவின் தலைவி ஒஸெல்லா பெட்டிஃபோர்டுதான். ஐம்பத்தாறு வயது, வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை.

"சிஸ்டர், கோவிச்சுக்காதீங்க. ஊரே சிரிக்குது. அது இப்போ கெழவனுங்க வண்டி. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி ஒரு குட்டி வண்டி விட்டானுங்களே, ஞாபகம் இருக்கா? ஏழாயிரம் டாலர் காருக்கு மான்ட்ரோஸ் முத்திரைய ஒட்டி ரெண்டு மடங்கு விலைக்கு வித்தானுங்க. பள்ளிக்கூடத்துப் பசங்ககூட அதப் பாத்துக் கேலி பண்ணுச்சு. நம்ம பாஸ்டர் அதுல போய் எறங்கணுமா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். பிராஸ்வெல் காப்பீடு விற்பவர். சிரிக்க வைக்கத் தெரியாமல் அந்தத் தொழிலில் வண்டி ஓடாது.

இந்த ஊரிலிருந்த மான்ட்ரோஸ் ஆலையை இழுத்து மூடி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அந்த ஆலையில் ஒஸெல்லா முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தவள்.

அலபாமாவிலிருந்து இருபத்திரண்டு வயதில் வந்தாள். தைக்கத் தெரியும் என்றாள். கையில் துடைப்பத்தைக் கொடுத்தார்கள். கறுப்புப் பெண்களைத் தையல் இயந்திரத்தில் உட்கார வைப்பதில்லை என்பது அப்போது எழுதி ஒட்டாத சட்டம். இரண்டு வருடம் இயந்திரங்களுக்குக் கீழே தோல் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டே, மேலே ஓடும் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் காய்ச்சல் பரவி ஏழு பேர் வரவில்லை. வரிசை நிற்கப் போகிறது என்று மேஸ்திரி கத்தினான். ஒஸெல்லா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்து தைத்தாள். அன்று சாயங்காலம் அவளை எழுப்பிவிட யாருக்கும் மனம் வரவில்லை. அவ்வளவு சுத்தமான கை.

அந்த வண்டி மீது அவளுக்குப் பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். மான்ட்ரோஸ் செய்த அநியாயமும் அவளுக்குத் தெரியும். அவளுடைய தாய்மாமன் கிளியோத்தா இந்த ஊரில் சவ அடக்கக் கடை வைத்திருந்தவர், நாலு காசு பார்த்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றில் ரொக்கத்தோடு விற்பனைக் கூடத்துக்குப் போனார். கறுப்பர்களுக்கு விற்பதில்லை, வண்டியின் மதிப்பு கெட்டுவிடும் என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார்கள். அவர் ஒரு வெள்ளைக்காரனுக்கு முந்நூறு டாலர் தண்டம் அழுது, அவன் பெயரில் வாங்கி, இருட்டிய பிறகு வீட்டுக்கு ஓட்டி வந்தார். தன் பணத்தில் வாங்கிய வண்டியைத் திருட்டு வண்டி மாதிரி! பிறகு பஞ்ச காலம் முற்றி, வெள்ளைக்காரப் பணக்காரர்கள் வாங்குவதை நிறுத்தி, கம்பெனி மூச்சுத் திணறியபோதுதான் கதவு திறந்தது. நம் ஆட்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். அந்தப் பெயரை அன்று காப்பாற்றியது யார்? அதை எந்த விளம்பரத்திலும் போடவில்லை.

அப்புறம் ஐம்பதுகளில் பின்னால் இறக்கை வைத்து, கப்பல் மாதிரி வண்டிகள் வந்தன. நல்ல தெருவில் வீடு வாங்க விடாத ஊரில், வண்டியையாவது வாங்க விட்டார்கள். கல்யாணத்துக்கும் அதுதான், கல்லறைக்கும் அதுதான். அதற்கும் ஏளனம். சாப்பாட்டுக்கு வழியில்லை, மான்ட்ரோஸ் கேட்கிறதா என்று பத்திரிகையில் படம் போட்டுச் சிரித்தார்கள். இப்போது அதே வண்டியைப் பார்த்து நம் ஆட்களே சிரிக்கிறார்கள். இதை எங்கே போய்ச் சொல்வது?

ஒஸெல்லா கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். பக்கத்திலிருந்த வெர்னிஸ் தட்டைக் கீழே வைத்தாள். ஆலையில் இருபது வருடம் அடுத்த இயந்திரத்தில் உட்கார்ந்தவள், அவளுக்கு அறிகுறி தெரியும்.

"எஞ்சின் மோசம்னு சொல்லுங்க, கேட்டுக்கறேன்," என்றாள் ஒஸெல்லா. "அந்தக் குட்டி வண்டி மோசடின்னு சொல்லுங்க, நானே சேந்து திட்டறேன். மேல மாடியில உக்காந்து கணக்குப் போட்டவனுங்க பண்ணின வேல அது. ஆனா உள்ள உக்காந்திருக்கற சீட்டு நாங்க தெச்சது. இந்தச் சபையில பதினெட்டு பொம்பளைங்க அங்க தெச்சிருக்கோம். எங்க தையலப் பாத்து எவன் சிரிச்சான்?"

"நான் உங்களச் சொல்லல, சிஸ்டர்..."

"வேற யாரச் சொல்றீங்க? வண்டின்னா ஆகாசத்துலேந்து விழுந்துச்சா? வெளிய வாங்க. நம்ம கார் நிக்கற எடத்துல முப்பது மான்ட்ரோஸ் நிக்குது. ஒவ்வொண்ணாத் தொறந்து பாருங்க. ஒரே ஒரு தையல் விட்டிருந்தாக் காட்டுங்க. காட்டிட்டா, ஜெர்மன் காருக்கு மொதக் கை என்னுது."

"விடு ஒஸெல்லா, சாப்பாடு ஆறுது," என்றார் போதகர் தர்மன் கெய்ன்ஸ். அவசரமாகத்தான் சொன்னார். அந்த அவசரத்தை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

சபையே வெளியே வந்துவிட்டது. மே மாத வெயில். கோட்டு போட்ட ஆண்கள் கதவுகளைத் திறந்து முட்டி போட்டு சீட்டுகளுக்கு அடியில் தலையை விட்டார்கள். கிழவி எர்லீனின் ஐம்பத்தொன்பதாம் வருட இறக்கை வண்டி, தோல் சுருங்கிப் போயிருந்தது. தையல் அசையவில்லை. சகோதரர் ஆமோஸின் எழுபத்திரண்டாம் வருட வண்டியில் ஐந்து பிள்ளைகள் குதித்து வளர்ந்திருக்கிறார்கள். தையல் நின்றது.

"என் மாமியார் உக்காந்தே போவல, இனிமே எதுக்குப் போவும்?" என்று ஆமோஸ் சொல்ல, மாமியார் அவர் முதுகில் ஒன்று வைத்தாள். ஆலைப் பெண்கள் கைகொட்டினார்கள். ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் "அல்லேலூயா!" என்று ஒரு கூட்டு முழக்கம். பிராஸ்வெல்லின் மூக்கு உடைந்துகொண்டே போனது. ஒஸெல்லாவின் தலை நிமிர்ந்துகொண்டே போனது.

இருபத்தொன்பது வண்டி முடிந்தது. எல்ம் மரத்தடியில் போதகரின் வண்டி மட்டும் பாக்கி. எண்பத்தைந்தில் சபை கொடுத்தது, கருநீலம். வாங்கிய நாளிலிருந்து துடைத்துத் துடைத்து வைத்திருப்பார்.

"அத விடுங்கப்பா," என்றார் போதகர். "அது நம்ம சபையோடது. தெரிஞ்சதுதானே."

"அதயும் தொறங்க," என்றாள் ஒஸெல்லா. "மிச்சம் வைக்க வேணாம்."

பிராஸ்வெல் கதவைத் திறந்தார். ஓட்டுநர் சீட்டின் மேல் போதகரின் மனைவி பின்னிய கம்பளி விரிப்பு இருந்தது. குளிருக்காக என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மே மாதத்திலும் அது அங்கேயே இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. பிராஸ்வெல் அதைத் தூக்கினார்.

சீட்டு இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வாய் பிளந்திருந்தது. உள்ளேயிருந்த மஞ்சள் பஞ்சு வெளியே வந்து கிடந்தது.

பிராஸ்வெல் விரிப்பைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். ஜெயித்த முகம் இல்லை அது.

ஒஸெல்லா வெள்ளைச் சீருடையோடு தார்த் தரையில் முட்டி போட்டாள். கிழிந்த தோலை விரலால் புரட்டினாள். உள்பக்கத் துணியில் தைத்தவளின் எண் குத்தியிருக்கும். நாற்பத்தொன்று. அவளுடைய எண். அதை அவள் எதிர்பார்த்தே புரட்டினாள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அவள் எண்ணைப் பார்க்கவில்லை, அதற்குப் பக்கத்தில் இருந்த தையலைப் பார்த்தாள். ஒற்றை வரிசை.

மான்ட்ரோஸ் சீட்டுக்கு உள்பக்கம் இரண்டு வரிசை தைப்பார்கள். வெளியே தெரியாது. ஆள் உட்கார்ந்து எழும் பாரத்தைத் தாங்குவது அந்த இரண்டாவது வரிசைதான். எண்பத்தைந்தின் தொடக்கத்தில், அதை நிறுத்தச் சொல்லி மேலேயிருந்து ஒரு காகிதம் வந்தது. ஒரு சீட்டுக்கு மூன்று நிமிடம் மிச்சம். ஒஸெல்லா மேஸ்திரியிடம் சண்டை போட்டாள். தொழிற்சங்கத்து ஆளிடம் போனாள். காகிதத்தில் இருக்கிறபடி தை, உனக்கென்ன வந்தது என்றார்கள். இரண்டு வாரம் யாருக்கும் தெரியாமல் இரண்டு வரிசையே தைத்தாள். எண்ணிக்கை குறைந்தது என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இன்னொரு கடிதம் வந்தால் வேலை போய்விடும். அப்புறம் அவளும் ஒற்றை வரிசை தைத்தாள்.

"நான்தான் தெச்சேன்," என்றாள். எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மறுபடி சொன்னாள். "நான்தான் தெச்சேன். கிழியும்னு தெரிஞ்சே தெச்சேன்."

"ஏய், உன் தப்பில்ல அது," என்று வெர்னிஸ் தோளைத் தொட்டாள். "நம்ம எல்லாருந்தான் அப்படித் தெச்சோம். சோத்துக்கு வழி?"

"அதான் சொல்றேன். எல்லாருந்தான் தெச்சோம்."

போதகர் முன்னால் வந்தார். "ரெண்டு வருசமாச்சு கிழிஞ்சு. ஒன் மனசு நோகுமேன்னுதான் மூடி வச்சேன். வண்டி நல்லாத்தான் ஓடுது. எனக்குப் புதுசே வேணாம், இதையே ஓட்டிக்கறேன்."

அங்கேதான் அவள் வெடித்தாள். போதகரிடம் அப்படி யாரும் பேசி நாங்கள் கேட்டதில்லை.

"என் மேல இரக்கப்பட்டு ஓட்டாதீங்க, பாஸ்டர்! ரெண்டு வருசம்! நான் வாராவாரம் ஒங்களுக்குக் கதவத் தொறந்து விட்டேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா சாயங்காலத்துக்குள்ள தெச்சுக் குடுத்திருப்பேன். அவனுங்க மூடுனானுங்க, நான் மூடினேன், நீங்களும் கம்பளியப் போட்டு மூடிட்டீங்க. எல்லாரும் மரியாதையா மூடி மூடித்தான் இந்தப் பேரு செத்துப்போச்சு. சிரிச்சவனாலயா செத்துச்சு?"

போதகர் தலை குனிந்தார்.

கீழே போய் ஓட்டெடுப்பு நடந்தது. ஜெர்மன் காருக்கு முதலில் எழுந்த கை ஒஸெல்லாவுடையது. ஆலைப் பெண்கள் சிலர் அவளை முறைத்தார்கள், இரண்டு பேர் அழுதார்கள். கணிசமான வித்தியாசத்தில் தீர்மானம் நிறைவேறியது.

பிராஸ்வெல் கையைப் பிசைந்துகொண்டு அவளிடம் வந்தார். "பெரிய மனசு சிஸ்டர் ஒங்களுக்கு. இப்போவாவது நான் சொன்னது..."

"நீங்க சொன்னதுக்காக நான் கை தூக்கல," என்றாள். "நீங்க அந்த வண்டியப் பாத்துச் சிரிக்கறீங்க. எனக்கு அழுக வருது. ரெண்டையும் ஒண்ணாச் சேக்காதீங்க."

பிறகு போதகரிடம் போய்ச் சாவியைக் கேட்டாள். பழைய வண்டியைக் கார்க் கடையில் விலைக்குக் கொடுத்துவிட்டுத்தான் புதிதை எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன்னால் சீட்டைக் கழற்றிக் கொடுங்கள், அடுத்து வாங்குகிற ஏமாளி தலையில் கம்பளி போட்டுக் கட்டிவிட நான் விடமாட்டேன் என்றாள். ஆமோஸ் ஸ்பேனரை எடுத்து வந்து நாலு போல்ட்டையும் கழற்றினார்.

புதன்கிழமை வரை தன் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து தைத்தாள். பழைய தோல்தான். ஓரத்தை வெட்டி மடித்து, உள்ளே இரண்டு வரிசை, சில இடத்தில் மூன்று. வெர்னிஸ் ஒரு நாள் வந்து, "விக்கப் போற வண்டிக்கு எதுக்குடி இந்த ரத்தம்?" என்றாள். ஒஸெல்லாவின் வாயில் ஊசி இருந்தது.

வெள்ளிக்கிழமை போதகரோடு அவளும் கார்க் கடைக்குப் போனாள். முப்பது வயதுக்குள் இருக்கும் ஒரு வெள்ளைக்கார விற்பனையாளன், பழைய வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்தான், எஞ்சினைக் கேட்டு உதட்டைப் பிதுக்கினான். கடைசியில் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து இரண்டு தரம் எம்பிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"ஆயிரம் சொல்லுங்க, சீட்டுல மான்ட்ரோஸ அடிச்சுக்க ஆளில்ல," என்றான். "நாலு வருசம் ஓடியும் எப்படி நிக்குது பாருங்க! கம்பெனின்னா அது கம்பெனி."

"எந்திரி," என்றாள் ஒஸெல்லா.

அவன் புரியாமல் போதகரைப் பார்த்தான்.

"எந்திரிடா. கம்பெனி தெச்ச சீட்டு கிழிஞ்சுபோச்சு. இது நான் தெச்சது."