நான் வெட்டச் சொன்ன மூன்று நிமிடம்

எட்டு வருடங்கள் லிபெர்த்தா என்ற பணக்காரத் தெருவில் ஒரு பிரெஞ்சுத் திரைப்பட இயக்குநரின் வீட்டைத் துடைத்தேன். பலேர்மோத் தமிழரில் இப்படிச் சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான் என்பதால், கேட்காதவர்களிடமும் சொல்லுவேன். 'துடைத்தேன்' என்பதை மட்டும் சற்று மெதுவாகச் சொல்லுவேன்.

அவருடைய கதை எனக்கு மனப்பாடம். நான் புத்தக அலுமாரியைத் தூசி தட்டும்போது வாராவாரம் சொல்லுவார். முதல் படத்தைப் பிரான்சே தலையில் தூக்கி வைத்து ஆடியது. இரண்டாவதுக்குச் சனம் பாதியில் எழுந்து போனது. மூன்றாவது, காலத்துக்கு முந்திய படம் என்று எழுதினார்கள். காலம் வந்து சேருமுன் தியேட்டரிலிருந்து தூக்கிவிட்டார்கள். நாலாவதில் ஒரு பெண் கடிதம் வாசிப்பாள், மூன்று நிமிடம், கமரா அசையாது. தயாரிப்பாளர்கள் வெட்டச் சொன்னார்கள். முடியாது என்றார். படத்தைப் பிடுங்கி வேறொருவரிடம் கொடுத்தார்கள், அதன் பிறகு அவரை யாரும் கூப்பிடவில்லை. மனைவியின் ஊரான பலேர்மோவுக்கு வந்தார். மனைவியும் கண்மூடியபின் பேச்சுத்துணைக்கு நான்தான் மிச்சம்.

"மூன்று நிமிடத்துக்காகவா, சினியோரே?" என்று ஒவ்வொரு முறையும் இத்தாலிய மொழியில் கேட்பேன். மனுஷனுக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று மனதுக்குள் நினைத்துக்கொள்வேன்.

என் மகளின் கலியாணப் பேச்சு முற்றானபோது, வீடியோவைத் தான் எடுக்கலாமா என்று அவரே கேட்டார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. கபோ சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கும்போதும், "பிரான்சிலை பெரிய டைரக்டர், அவர்தான் எடுக்கிறார்" என்று பக்கத்தில் நின்றவர்களுக்கு அறிவித்தேன். வழக்கமாக எங்கள் ஆட்களுக்கு வீடியோ எடுக்கும் பொடியனை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கலியாணம் நகர ஓரத்துப் பிரான்காச்சோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஒரு கிழமை கழித்து, சம்பந்தி வீட்டார் ஜெர்மனிக்குத் திரும்புமுன், இருபது பேரைக் கூப்பிட்டு வடையும் தேத்தண்ணியும் கொடுத்து வீட்டில் படத்தைப் போட்டேன். எங்கள் கலியாண வீடியோவுக்குச் சில சட்டங்கள் உண்டு. வந்தவர்கள் எல்லாரும் அதில் இருக்கவேண்டும், தாலிகட்டு தெளிவாகத் தெரியவேண்டும். அவர் படத்திலோ வாழையிலையில் ஒரு ஈ ஆறுதலாக நடந்துபோனது. ஒலிபெருக்கியில் கெட்டிமேளம் முழங்கியதும், கமரா மணமக்களை விட்டுத் திரும்பி என் முகத்தில் வந்து நின்றது. மூன்று நிமிடம் நின்றது. முதலில் தொந்தியை எக்கிக்கொண்டு பெரிய மனிதனாக நின்றேன். பிறகு வாய் கோணியது. பிறகு சால்வையில் மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். நான் அப்படி அழுதேன் என்பதே படத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியும்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள்.

"தாலி எங்கை?" என்றார் சம்பந்தியம்மா. "இவர் மூக்குச் சீறுறதைப் பாக்கவோ நாங்கள் ஜெர்மனியிலை இருந்து வந்தனாங்கள்?"

"அதுக்கென்ன, இன்னொருக்காக் கட்டி எடுப்பம்" என்றார் சம்பந்தி, பகிடி இல்லாமல்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "எல்லாம் உங்கடை புழுகத்தாலை வந்தது. நாளைக்கே போய் அந்த மனுசனோடை கதையுங்கோ."

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மானம் கப்பலேறியதில் நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

மறுநாள் காலை இயக்குநர் கோட் எல்லாம் போட்டு வாசலிலேயே காத்திருந்தார்.

"எழுந்து போனார்களா?"

"இல்லை சினியோரே, சிரித்தார்கள்" என்றேன். மொப்பைச் சுவரில் சாத்திவிட்டு, உறவினர் ஒருவர் தாலிகட்டைப் போனில் எடுத்திருக்கிறார், என் முகத்தை வெட்டிவிட்டு அதைப் போடவேண்டும் என்றேன்.

"உன் முகம்தானே படமே."

"அதுதான் பிரச்சினை."

அவர் சண்டை பிடிப்பார் என்று ஆறு பதில்கள் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. "உன் மகள், உன் முகம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அரை மணித்தியாலத்தில் வெட்டி முடித்தார். வெட்டிய துண்டையும் அழித்தார். வைத்திருந்தால் திரும்ப ஒட்டத் தோன்றும் என்றார். அன்று அவர் படக்கதை ஒன்றும் சொல்லவில்லை, நான் நிம்மதியாகத் தரை துடைத்தேன்.

புது வீடியோவில் தாலியின் பாதியை யாரோ ஒருவரின் மொட்டைத்தலை மறைத்தது. எல்லாருக்கும் திருப்தி. அதற்குப் பிறகு ஒருவரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை. அடுத்த மாரிக்குளிரில் இயக்குநர் இறந்துபோனார்.

போன மாதம் மகள் ஜெர்மனியிலிருந்து போன் எடுத்தாள். "அப்பா, நீங்கள் அழுற அந்தத் துண்டு இருக்கெல்லே, அதை அனுப்புங்கோ. கலியாணத்திலை எனக்கு அது ஒண்டுதான் வேணும்."

"ஓம் பிள்ளை, தேடிப் பாக்கிறன்" என்றேன்.

தேட ஒன்றும் இல்லை. அத்தனை தயாரிப்பாளர்கள் கேட்டும் ஒரு நொடியைக்கூட வெட்டாதவர், நான் கேட்டேன் என்பதற்காக வெட்டினார்.