பின்சக்கரத்துக்கு ஒரு சொல்

எங்கள் வீட்டில் காலையில் அடுப்பில் முதலில் ஏறுவது காப்பித் தண்ணீர் அல்ல, ஜீப்பின் நாலு பிளக்குகள். மலையில் மழைக்காலம் என்றால் பெட்டிக்குள் இருக்கிற தீக்குச்சியே நமுத்துப் போகும். எஞ்சினுக்குள் பொறி தட்ட வேண்டிய பிளக்கு எம்மாத்திரம்? முதல் நாள் சாயந்திரமே கழற்றி வந்து, விடிந்ததும் தோசைக்கல்லில் போட்டு வறுத்து, சூடு ஆறுமுன் துணியில் சுற்றிக்கொண்டு ஓடி மாட்ட வேண்டும். அப்புறம் முன்னால் நின்று கைப்பிடியைச் சுற்றினால் வண்டி நாலு தரம் இருமிவிட்டு எழுந்திருக்கும். "பிளக்கு வறுக்கத்தான் தாலியக் கட்டி மலைக்குக் கூட்டியாந்தீகளா?" என்று என் வீட்டுக்காரி தினமும் கேட்கிறாள். போடியில் எனக்கும் வண்டிகளுக்கும் சண்டை சூட்டினால் வரும். ரேடியேட்டர் கொதிக்கும், டயர் வெடிக்கும். இங்கே எல்லாம் ஈரம். போடியிலிருக்கும் கூட்டாளிகளிடம் பிளக்கு வறுவல் கதையைச் சொன்னால், தொட்டுக்கொள்ள என்ன என்று கேட்கிறார்கள்.

நான் சிலமலைக்காரன். போடியில் ஒரு லாரிப் பட்டறையில் பத்து வருஷம் கிரீஸில் குளித்தவன். பிழைக்க வந்த இடம் கடல் தாண்டி இல்லை. மேகம் விலகினால் எங்கள் லயத்து வாசலில் நின்றே போடியைப் பார்க்கலாம். சிலோனுக்கும் மலாயாவுக்கும் கப்பலேறிய என் சொந்தக்காரர்கள் இதைப் பரதேசம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் போடிமெட்டைத் தாண்டினால் ராஜ்யம் வேறு, கடைப் பலகையில் எழுத்து வேறு. வந்த புதிதில் ஒரு வீட்டில் "வெள்ளம் வேணோ?" என்று கேட்டார்கள். நான் பதறி எழுந்து ஓடையைப் பார்த்தேன். அவர்கள் கேட்டது குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்று. இப்போது ராஜ்யங்களை மொழிப்படி பிரிக்கப் போகிறார்களாம். இந்த மலை யாருக்கு என்று டீக்கடையில் பெஞ்சைத் தூக்கி அடிக்கிற அளவுக்குப் பேச்சு நடக்கிறது. நான் டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன். வீட்டுக்குள் சொல் மாறினால் சிரிக்கலாம். மலைப்பாதையில் மாறினால் என்ன ஆகும் என்று கண்ணால் பார்த்தவன் நான்.

எங்கள் முதலாளி போடியில் ஏலக்காய் மண்டியும் மலைமேல் ஏலத்தோட்டமும் வைத்திருப்பவர். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் கழித்துக் கட்டிய ஜீப்பு ஒன்றை மதுரையில் எடுத்து வந்து பட்டறையில் நிறுத்தினார். ஸ்டீரிங் இடது பக்கம். கதவு இல்லை. தரையில் ஏதோ தேசத்து மண் காய்ந்து கிடந்தது. "கழுத போற பாதையில இது போகணும். என்ன செய்வியோ செய்யி, வெரசா செய்யி" என்றார். செய்தேன். லாரியில் கழித்த ஸ்பிரிங் பிளேட்டுகளை வெட்டிச் சேர்த்து வண்டியைத் தூக்கினேன். ஓடைத் தண்ணீர் உள்ளே போகாமல் புகைக்குழாயை நிமிர்த்தினேன். பிளக்கு வயர்களுக்குப் பழைய ட்யூபில் சட்டை தைத்துப் போட்டேன். ஓடையில் இறங்குமுன் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஃபேனே எஞ்சின் தலையில் தண்ணீர் ஊற்றிவிடும் என்பதையும் ஊர் ஓடையில் இறக்கிப் பார்த்தே பட்டுத் தெரிந்துகொண்டேன். பின்சக்கரங்களுக்குச் சங்கிலி. அதுவரை எல்லாம் சரி. கடைசியில் முதலாளி, "மூணு மூட்ட எப்படிப்பா காணும்? ஆறு ஏறணும்" என்றார். இரும்புச் சட்டம் அடித்து, பலகை வைத்து, வண்டிக்குப் பின்னால் ரெண்டு முழத்துக்கு வால் நீட்டினேன். மலைப்பாதையை நான் அப்போது பார்த்ததுகூட இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. வால் நீண்டதால் ஒரே வீச்சில் திரும்பக்கூடிய வளைவுகளில் எல்லாம் இப்போது முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போக வேண்டியதாயிற்று. மூட்டை ஏற்றினால் பின்னால் ஒன்றும் தெரியாது. வண்டியைக் கெடுத்தவனே ஓட்டட்டும் என்று முதலாளி என்னையும் அதோடு சேர்த்து மலைக்கு அனுப்பினார்.

தோட்டத்தில் எனக்குப் பின்கண்ணாக வாய்த்தவர் வர்க்கிச் சேட்டன். அவரும் மலைக்காரர் இல்லை. மேற்கே கீழ்நாட்டிலிருந்து, இடுப்பில் ஒரு வெட்டுக்கத்தியோடு நடந்தே ஏறி வந்தவர். என்னை மேஸ்திரி என்பார். தமிழ் ஆட்களோடு பழகிப் பாதித் தமிழ் பேசுவார். எனக்கு அவருடைய பாஷையில் கால்வாசிகூடத் தெரியாது. வளைவு வந்தால் முட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு குதித்துப் பின்னால் போய் நிற்பார். எங்கள் போடி லாரிக் கிளீனர்கள் கத்துகிற மாதிரியே அவருக்குக் கற்றுக் கொடுத்திருந்தேன். "வா, வா" என்றால் மெதுவாக. "மிதி, மிதி" என்றால் சேறு, ஆக்ஸிலேட்டரை அழுத்து. "ஓல்டான்" என்றால் நில். ரெண்டு வாரம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. எனக்குத் திமிர்கூட வந்துவிட்டது.

அன்று ஆடி மழை. ஆறு மூட்டை ஏலக்காய், நாங்கள் ரெண்டு பேர். தோட்டத்துப் பாதை போடி ரோட்டில் சேர்வதற்கு முன் ஒரு கொண்டை ஊசி வளைவு உண்டு. வெளிப்பக்கம் விளிம்பு, அதற்குக் கீழே மரங்களின் தலை மட்டும் தெரியும். மூக்கை மண்மேட்டில் முட்டும்வரை கொண்டுபோய் நிறுத்தினேன். சேட்டன் கட்டையோடு பின்னால் போனார். ரிவர்ஸ் போட்டேன். சக்கரம் சேற்றில் சுற்றியது, சங்கிலி மண்ணை வாரி இறைத்தது. "மிதி, மிதி" என்றார். மிதித்தேன். வண்டி துள்ளிப் பின்னே போனது. மழை இரைச்சல், எஞ்சின் இரைச்சல். அதற்குள் மறுபடி அவர் குரல், முன்னைவிடப் பெரிதாக, அவசரமாக, "மிதி! மிதி!" என்று காதில் விழுந்தது. இன்னும் மிதித்தேன். வண்டியின் பின்பக்கம் திடீரென்று இறங்கியது. வானம் கண்ணாடியில் ஏறியது. அப்புறம் ஒரு முட்டு. வண்டி நின்றது. அந்த முட்டோடு ஒரு அலறல். எஞ்சினை அணைக்கப் பயம், பிரேக்கிலிருந்து காலை எடுக்கப் பயம். முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற கியரைத் தள்ளி, சாமி பெயர் ஒன்றுகூட வாயில் வராமல், விரற்கடை விரற்கடையாக முன்னே ஏற்றினேன்.

இறங்கி ஓடியபோது சேட்டன் சேற்றில் முழங்காலிட்டிருந்தார். விளிம்பைத் தாண்ட இருந்த சக்கரத்துக்கடியில் கட்டையைச் செருகியிருக்கிறார். கட்டையோடு சேர்ந்து வலது கையும் போயிருக்கிறது. அந்தக் கையை எழுதிக் காட்ட எனக்கு விருப்பம் இல்லை. என் துண்டைக் கிழித்துச் சுற்றி, மேலே ட்யூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினேன். "மிதி மிதின்னு நீதானேய்யா சொன்ன! எதுக்குய்யா சொன்ன?" என்று அழுதுகொண்டே கத்தினேன். அடிபட்டவர் மேல் கோபப்பட்ட பாவி நான். அவர், "மிதி அல்ல, மேஸ்திரி. மதி. மதின்னா ஞான் விளிச்சது" என்றார். எனக்கு விளங்கவில்லை என்று தெரிந்து, வலியோடு வலியாகச் சொல் தேடினார். "மதின்னா... போதும்." ஓல்டான் என்று நான் கற்றுக் கொடுத்த சொல் அந்த நேரத்தில் அவருக்கு மறந்துவிட்டது. சொந்தச் சொல் வந்துவிட்டது. ஒரு சுழி வித்தியாசம். நில் என்று அவர் கதறியதை அழுத்து என்று கேட்டு நான் மிதித்திருக்கிறேன்.

மூட்டைகளை இறக்கிப் புதரில் உருட்டிவிட்டு அவரை என் பக்கத்தில் உட்கார வைத்தேன். போடி ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இன்னும் நாலு இடத்தில் பின்னே வர வேண்டியிருந்தது. நிற்க ஆள் இல்லை. ஒவ்வொரு வளைவிலும் இறங்கி, ஓடிப்போய் விளிம்பில் கல்லை அடுக்கி, திரும்ப ஓடிவந்து, கல்லில் இடிக்கும்வரை பின்னே எடுத்தேன். ஒவ்வொரு தடவை இறங்கி ஏறும்போதும் அவர் கண் மூடியிருக்கிறதா என்று பார்த்தேன். மூன்றாவது வளைவில் தலை சாய்ந்துவிட்டது. "சேட்டா! பேசு! என்னத்தையாச்சும் பேசு!" என்று உலுக்கினேன். மெல்ல, "வண்டி நோக்கிப் போ மேஸ்திரி" என்றார். நோக்கி என்றால் பார்த்து என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அந்த ஒரு சொல் தெரிந்திருந்ததற்காக அன்று நான் பட்ட நிம்மதி பெரியது.

உயிர் தங்கியது. மூன்று விரல் போயிற்று. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மிச்சம். போடி ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன், இடது கையால் வாங்கிக் குடிப்பார். பிறகு அவருடைய தம்பி வந்து கீழ்நாட்டுக்குக் கூட்டிப் போனார். திரும்பி வருவாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. வந்து பின்னால் நில்லுங்கள் என்று எந்த முகத்தோடு கேட்பது?

அவரை அனுப்பிவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிய அன்றே ரம்பத்தை எடுத்து வண்டியின் வாலை அறுத்தேன். முதலாளி ஆள் விட்டுச் சத்தம் போட்டார். "ஆறு மூட்ட வேணும்னா வேற ஆளப் பாத்துக்கிடச் சொல்லு" என்று சொல்லியனுப்பினேன். பாதி வாலைத் திரும்ப வைத்ததும் சமாதானம் ஆனது. பின்னால் நிற்கப் பெருமாளண்ணன் என்று நம் பக்கத்து ஆளையே போட்டார்கள். அவரிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: நிறுத்த வேண்டிய இடத்தில் மதி என்று கத்த வேண்டும். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏப்பா, நம்ம வாயில போதும்ங்கிற சொல்லுக்கா பஞ்சம் வந்திருச்சு?" என்றார். சேட்டன் ஒருவேளை திரும்பி வந்தால், பயத்தில் அவர் வாயில் எந்தச் சொல் வருமோ அந்தச் சொல்லுக்கு என் கால் பழகியிருக்க வேண்டும் என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. தினமும் வெறும் வண்டியை வைத்தும் பழகினேன். மிதி என்றால் கால் இறங்கும், மதி என்றால் கால் தானாக எழும்பும். யோசிக்கவே வேண்டாத அளவுக்கு வந்தது.

தை மாதம் சேட்டன் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வண்டியருகே வந்து நின்றார், வலது கையைச் சுற்றித் துணி. பெருமாளண்ணனிடமிருந்து கட்டையை இடது கையால் வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். நான் வேண்டாம் என்றேன். "எனக்கு சோலி வேண்டே?" என்றார், பிழைப்பு வேண்டாமா என்று. அதே வளைவு. மழை இல்லை. மூக்கை மேட்டில் முட்டினேன். அவர் பின்னால் போனார். "வா, வா... மிதி... மிதி..." என்றது அந்தக் குரல். மிதித்தேன். இனி வர வேண்டிய சொல்லுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"போதும்!" என்றார்.

பச்சைத் தமிழில், சுத்தமாக, பெரிதாகச் சொன்னார். எனக்குக் கேட்டது. கேட்டும் என் கால் எழும்பவில்லை. அது வேறொரு சொல்லுக்குக் காத்திருந்தது. "போதும், போதும்!" என்று மறுபடி அலறியபோதுதான் பிரேக் விழுந்தது. பாய்ந்து இறங்கிப் பின்னால் ஓடினேன். கட்டை சக்கரத்துக்கு அடியில் இருந்தது. அவர் ரெண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எட்டி நின்றிருந்தார். "நிங்கட பாஷையிலதன்னெ சொன்னதல்லோ மேஸ்திரி! ஆஸ்பத்திரியில ஒரு மாசம் படிச்ச வாக்கு!" என்றார். "நான் மதிக்குல்ல காத்துக் கெடந்தேன் சேட்டா" என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆத்தா இலைக்கு முன்னால் உட்கார வைத்துச் சோறு போடும்போது நான் கையை நீட்டித் தடுத்துச் சொன்ன சொல் அது, அதற்கே என் கால் நிற்கவில்லை. அவர் போதும் என்ற இடத்துக்கும் என் சக்கரம் நின்ற இடத்துக்கும் நடுவே, காய்ந்த மண்ணில் சங்கிலித் தடம் ஒரு சாண் நீளத்துக்குப் பதிந்திருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு போய் வண்டியில் ஏறினேன்.