பழைய பல்பில் ஓட்டிய சாலை

பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதனால்தான் அதை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் கணவர் துபாயிலிருந்து விடுமுறையில் வந்தபோது வாங்கிக் கொடுத்த கார் அது. எங்களிடம் வரும்போதே அதற்குப் பத்து வயது இருக்கும். சாவியைக் கையில் கொடுத்துவிட்டு அவர் விமானம் ஏறினார். ஓட்டக் கற்றுக்கொண்டது நான். மகள் அப்போது பிளஸ் டூ. பள்ளி விட்டதும் தஞ்சாவூரில் கணக்கு டியூஷன். அது முடிந்து அவளை ஏற்றிக்கொண்டு, திருவையாற்றைத் தாண்டி எங்கள் ஊர் வந்து சேர ஏழரை ஆகிவிடும்.

சாலை மங்கலாகத் தெரிந்ததை நான் கவனிக்காமல் இல்லை. நாற்பத்து நான்கு வயது, கண்தான் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். கும்பகோணம் போய் மூக்குக்கண்ணாடியை மாற்றினேன். அதன் பிறகும் மங்கல்தான். வெள்ளிக்கிழமை போன் பேசும்போது அவர், "வண்டி லைட்டெல்லாம் நல்லா எரியுதா?" என்று கேட்பார். "எரியுது" என்பேன். அது பொய் இல்லை.

சம்பா அறுத்த வயலில் தெளித்த உளுந்து காய்ந்து, செடி பிடுங்குகிற பங்குனி மாதம் அது. எங்கள் பக்கத்தில் பிடுங்கிய செடியைச் சாலையில்தான் பரப்புவார்கள். போகிற வண்டிகள் மேலே ஏறினால் நெற்று வெடித்து உளுந்து உதிரும். தடியால் அடிக்கிற வேலை மிச்சம். வெளியூர்க்காரர்கள் திட்டிக்கொண்டே ஒதுங்கிப் போவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு ஏற்றிக்கொண்டு போவதுதான் மரியாதை. நான் ஒரு படி மேலே. மற்ற வண்டிகளின் சக்கரம் படாமல் ஓரத்தில் கிடக்கும் செடியாகப் பார்த்து ஏற்றுவேன். அடியில் படபடவென்று வெடிக்கும்போது யாருக்கோ உபகாரம் செய்த திருப்தி இருக்கும்.

அன்று வாய்க்கால்கரைச் சாலையில் திரும்பியபோது நன்றாக இருட்டியிருந்தது. முன்னால் கறுப்பாக ஒரு குவியல். இடது ஓரத்தில் மட்டும் மேடாக இருந்தது. யாரும் ஏற்றவில்லை போலிருக்கிறது என்று ஸ்டியரிங்கை அந்தப் பக்கம் ஒடித்தேன்.

"ம்மா! தலை! தலைம்மா!"

மகள் எதற்கு அலறுகிறாள் என்று புரிவதற்குள் கால் பிரேக்கை மிதித்துவிட்டது. வண்டி செடியின்மேல் வழுக்கிக்கொண்டு போய் நின்றது. கதவைத் திறந்து இறங்கினேன். சாலையோர மண்ணில் தலை வைத்து ஒரு ஆள் படுத்திருந்தார். முகத்தில் துண்டு. இடுப்புக்குக் கீழே எல்லாம் செடிக்குள். அந்த மேடு செடி இல்லை, அவருடைய முழங்கால். அதற்கும் என் முன்சக்கரத்துக்கும் நடுவே ஒரு முழம் இருந்திருந்தால் அதிகம்.

துண்டை விலக்கிக் கண்ணைச் சுருக்கினார். என் வயதுதான் இருக்கும்.

"யாரு, பாய் வீட்டம்மாவா? ஏன் நின்னுட்டீங்க? ஏத்திட்டுப் போங்க."

மகள் கத்தினாள். "ஏங்க, உங்க காலு உள்ள இருக்குங்க!"

"காவலுக்குப் படுத்தா ஒரே கொசு பாப்பா. செடிக்குள்ள விட்டுக்கிட்டா கடிக்காது." சாவகாசமாகக் காலை உருவிக்கொண்டு எழுந்தார். "இப்ப ஏத்துங்க."

நான் வண்டியைப் பின்னால் எடுத்து, செடி இல்லாத பக்கமாக ஒதுங்கிப் போனேன். "எல்லா வண்டியும் ஏறுது, உங்க வண்டிக்கு மட்டும் வலிக்குதாக்கும்!" என்று அவர் சிரிப்பது கேட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள்: "வெள்ளிக்கிழமை போன்ல அத்தாகிட்ட சொல்லிடாதம்மா. வண்டிய வித்துடச் சொல்லுவாங்க." அதன்பிறகு அவள் சாப்பிடவில்லை. நானும்தான்.

மறுநாள் காலை திருவையாற்றில் கார் எலெக்ட்ரீஷியன் கடையில் போய் நின்றேன். விளக்குக்குப் பின்னாலிருந்த ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பிக் கிளிப்பைத் தள்ளி, பல்பை உருவி என்னிடம் நீட்டினார். உள்பக்கம் புகை படிந்த லாந்தர் கண்ணாடி மாதிரி இருந்தது.

"இத எப்பக்கா மாத்துனீங்க?"

"மாத்துனதே இல்ல. எரிஞ்சுதே."

"எரியும். உசுரு போற வரைக்கும் எரியும். வெளிச்சம் மட்டும் கொஞ்சங்கொஞ்சமாக் கொறஞ்சுக்கிட்டே வரும். தெனம் ஓட்டுறவங்களுக்கு அது தெரியாது."

"இருக்குறதுலயே பெருசாப் போடுங்க. நூறு வாட்ஸ் இருக்காமே?"

"போட்டா உங்க ஒயர் உருகிடும். எதுக்க வர்றவன் கண்ணு கூசி வாய்க்கால்ல எறங்குவான். வேணுமாக்கா அது?"

ஒன்றை மட்டும் மாற்றினால் போதாது என்று இரண்டையும் மாற்றினார். புதுப் பல்பைப் பார்க்கக் கை நீட்டினேன். "கண்ணாடில வெரல் படக்கூடாது, எண்ணெப்பசை பட்டா சீக்கிரம் போயிடும்" என்று காகிதத்தோடு விலக்கிக்கொண்டார். பிறகு வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தி, வெளிச்சம் விழுகிற உயரத்தைத் திருகித் திருகிச் சரிசெய்தார்.

அன்று சாயங்காலமும் டியூஷன் இருந்தது. திரும்பும்போது அதே வாய்க்கால்கரைச் சாலை. வளைவில் திரும்பியதும் வெளிச்சம் வெள்ளையாக நீண்டு விழுந்தது. பிரேக்கை மிதித்தேன்.

முதல் குவியலின் ஓரத்தில் இரண்டு பாதங்கள். அடுத்த குவியலில் சாக்கைத் தலைக்கு வைத்து ஒருவர். அதற்கும் அப்பால், மடியில் குழந்தையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டாள். கண்ணுக்கு எட்டியவரை ஒவ்வொரு குவியலின் ஓரத்திலும் யாராவது இருந்தார்கள். மகள் எண்ண ஆரம்பித்து, ஒன்பதில் நிறுத்தினாள்.

"நேத்து வரைக்கும் இவங்கள்லாம் எங்கம்மா இருந்தாங்க?"

"இங்கதான்" என்றேன். அத்தனை நாளும் நான் தேடித் தேடி ஏற்றியது இந்த ஓரங்களில்தான்.

"நான் முன்னாடி நடந்து பாத்து சொல்றேன், நீ மெதுவா வா" என்று அவள் இறங்கினாள். முதல் கியரைப் போட்டேன். வெளிச்சம் முழுக்க அவள்மேல் விழுந்தது. பின்னல், பாவாடைக் கரை, குதிகால். வண்டிக்கும் அவளுக்கும் ஆறடி. கிளட்சை விட முடியவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து, செடி இல்லாத இடத்தில் ஓரங்கட்டி, விளக்கை அணைத்து, பூட்டிவிட்டு அவளோடு நடந்தேன். இன்னும் ஒரு மைல் இருந்தது.

"என்னங்கம்மா, புது லைட்டு போட்டுட்டு நடந்து போறீங்க?" நேற்றைய ஆள்தான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள்.

ஊர் வந்ததும் மகள் மெதுவாக, "கைய விடும்மா, வலிக்குது" என்றாள். அவள் மணிக்கட்டில் என் ஐந்து விரல்களும் பதிந்திருந்தன.