பெண் பார்க்க எடுத்துப் போன லேப்டாப்

பெண் பார்க்கப் போகிறவன் பூ, பழம், வெற்றிலை பாக்கு எடுத்துக்கொண்டு போவான். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு போனேன். திருத்தணியிலிருந்து அப்படிக் கிளம்பின மாப்பிள்ளை நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. தினமும் ரயிலில் சென்னைக்குப் போய் வேலை பார்த்துவந்தேன். என்ன வேலை என்று கேட்டால், ஒரு புரோகிராமிலிருந்து இன்னொரு புரோகிராமுக்குச் சேதி அனுப்புகிற வேலை என்பேன். தபால் ஆபீசா தம்பி என்பார்கள். கம்ப்யூட்டர் திரையில் ஒரு விண்டோவில் பொத்தானை அமுக்கினால், பக்கத்து விண்டோவில் யாரோ டைப் அடிப்பதுபோல எழுத்து விழும். அந்த யாரோதான் நான் எழுதின புரோகிராம். இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெண் வீட்டார் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்திருப்பார்கள்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முந்தின வருஷம் பள்ளிப்பட்டில் ஒரு சம்பந்தம் பேசி, பெரியவர்கள் எல்லாரும் சம்மதம் சொல்லி, தட்டு மாற்றப் போன அன்று அந்தப் பெண் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது. எனக்கு அசிங்கமாகப் போய்விட்டது. இந்தத் தடவை பெண்ணுக்கு உண்மையிலேயே இஷ்டமா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நேரில் கேட்கத்தான் தைரியமில்லை. நான்தான் சூரப்புலியாயிற்றே, கூட வந்த அக்காவைக் கேட்கச் சொன்னேன்.

ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓடுகிற வீடு. அக்கா கேட்டாள். பெண் தலை நிமிரவில்லை. பக்கத்திலிருந்த அவள் பெரியப்பா, பூரண சம்மதம், எங்கள் பெண் எங்கள் பேச்சை மீறாது என்றார். என் கேள்வியை அக்கா கேட்டாள், அவள் பதிலைப் பெரியப்பா சொன்னார். நானும் அவளும் கேசரியைப் பார்த்துகினு இருந்தோம்.

பிறகு அவள் நைனா என் வேலையைப் பற்றி விசாரித்தார். இதற்குத்தானே காத்திருந்தேன்! வீட்டில் ஒத்திகை பார்த்தது ஒரு சின்ன விண்டோவில். அங்கே போனதும் திமிர் ஏறிவிட்டது. எந்த விண்டோவுக்கும் அனுப்பலாம் என்று பீற்றிக்கொண்டு, கம்ப்யூட்டருக்குக் கட்டளை அடிக்கிற கறுப்பு விண்டோவைத் திறந்தேன். பொத்தானை அமுக்கினேன். ஒன்றும் விழவில்லை. மறுபடியும் அமுக்கினேன். தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. ஒரு புரோகிராம் அனுப்புகிற எழுத்தோடு, இது விரல் பட்டு வந்ததில்லை, அனுப்பி வந்தது என்கிற அடையாளமும் கூடவே போகும். கறுப்பு விண்டோ அதைப் பார்த்ததுமே தூக்கிப் போட்டுவிடும். யாராவது திருட்டுத்தனமாகக் கட்டளை போட்டுவிடக் கூடாதே, அதற்காக. இந்த அரிச்சுவடியை மறந்துவிட்டுத்தான் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். அசடு வழிய எல்லாருக்கும் விளக்கினேன்.

அப்போதுதான் அவள் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "கையால அடிச்சா எடுத்துக்குமாங்க?"

"ஆங்" என்று அடித்துக் காட்டினேன். எழுத்து விழுந்தது.

"அப்ப அக்காகிட்ட சொல்லி அனுப்பாம, நீங்களே கேளுங்க."

லேப்டாப்பைப் பார்த்தேன், அதுவா உதவும். கடைசியில், "உங்களுக்கு இதுல இஷ்டமாங்க?" என்று கேட்டே விட்டேன். பெரியப்பா வாயெடுத்தார். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"இல்லீங்க. எனக்கு இப்ப கல்யாணமே வேணாம். இவங்ககிட்ட எத்தினியோ தபா சொல்லிட்டேன், யாரும் காதுல போட்டுக்கல."

பொய் சொல்வானேன், அவளை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. சரிங்க என்று சொல்லிவிட்டு, ஒயரைச் சுற்றிப் பையில் வைத்தேன். பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் கிளம்புகிற வரைக்கும் அவள் தலை குனியவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அக்கா எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பஸ் ஏறி உட்கார்ந்ததும், "நீ வாய மூடிகினு இருந்திருந்தா இந்நேரம் தட்டு மாத்தியிருப்பம்டா" என்றாள்.

மாற்றியிருப்போம்தான். அவள் வேண்டாம் என்றது என் காதில் விழாமலே.