கண்ணாக் கம்பு மந்திரக்கோல்

கப்பலில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய சின்ன மாமாவின் பெட்டியைத் திறந்ததும் அம்மாவின் முகம் விழுந்துவிட்டது. வாசனைச் சவர்க்காரம், பால்மா டின், சீத்தைத் துணி என்று எதையெதையோ எதிர்பார்த்திருந்தார். உள்ளே பெரிதாக இருந்தது ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம். அதன் அட்டையில் ஒரு தாடிக்காரக் கிழவன், நெருப்புக் கக்கும் பிராணி ஒன்றை நோக்கித் தடியை நீட்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஒரு பிஸ்கற் பேணி நிறையத் தாயக்கட்டைகள். நாலு முகம், எட்டு முகம் என்று போய், கடைசியில் இருபது முகமுள்ள ஒரு சிவப்புக் கட்டை. கப்பலில் கூட இருந்த பிலிப்பைன்ஸ்காரச் சமையல்காரர் பிரியும்போது நட்புக்காகக் கொடுத்தாராம்.

"இதுக்கா இவ்வளவு காலம் கடல்ல கிடந்த நீ?" என்றார் அம்மா.

மாமா அம்மாவின் கடைசித் தம்பி. அடுத்த கப்பலுக்குக் கொழும்பு ஏஜென்சி கூப்பிடும் வரைக்கும் மட்டக்களப்பில், கல்லடியில் எங்கள் வீட்டில் இருக்க வந்தார். அப்பா கட்டாரில் இருந்ததால் வீட்டில் இருந்த வளர்ந்த ஒரே ஆண்பிள்ளையும் அவர்தான். வாலிபனாக இருப்பதே ஒரு குற்றம் போல ஆகியிருந்த காலம் அது. பாலத்தடிச் சென்றிக் காவலரணில் நின்ற ஆமியின் கண்ணிலும் படக்கூடாது, இயக்கத்துப் பொடியன்களின் கண்ணிலும் படக்கூடாது. கப்பல் ஏறும் நாள் வரை இவன் முழுசாக இருந்தால் போதும் என்பதே அம்மாவின் வேண்டுதல். ஆகவே மாமா வீட்டுக்குள்ளேயே கிடந்தார். கிடந்தவர் சும்மா கிடக்கவில்லை, எனக்கும் தம்பிக்கும் அந்தப் புத்தக விளையாட்டைச் சொல்லித் தந்தார்.

பலகை இல்லை, காய் இல்லை. மாமா ஒரு கதையைத் தொடங்குவார், நாங்கள் அதற்குள் ஆட்களாக இருப்போம். குகைக்குள் போகிறோமா, ஓடுகிறோமா என்பதை நாங்கள் சொல்ல வேண்டும். நினைத்தது நடந்ததா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும். தம்பி வாள்வீரனானான், வாரத்துக்கு ஒருமுறையாவது செத்தான். அக்காவான நான் மந்திரவாதியானேன்.

மந்திரவாதியாவது லேசான காரியம் இல்லை. ஒவ்வொரு மந்திரத்துக்கும் இன்ன இன்ன சாமான் கையில் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. நெருப்புருண்டை எறிய வௌவால் எச்சமும் கந்தகமும் வேண்டும். எனக்கு விதி என்றால் விதி. வௌவால் எச்சத்தைக் கோயிலுக்குப் பின்னால் இருந்த ஆலமரத்தடியில் பொறுக்கிக்கொண்டேன். கந்தகத்துக்குக் கடைக்குப் போகிறேன் என்று செருப்பைப் போட்டபோது அம்மா குசினியிலிருந்து பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார்.

"என்ன சொன்ன நீ? கந்தகமோ? இந்த நேரத்தில கடையில போய்க் கேட்கிற சாமானா அது? எல்லாரையும் அள்ளிக்கொண்டு போகப்போறாங்கள்!"

கடையில் விற்கிற ஒரு சாமானின் பெயரைச் சொன்னால் ஏன் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போக வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா அவசரமாகப் புத்தகத்தைப் புரட்டி ஒரு மாற்று வழி கண்டுபிடித்தார். மந்திரவாதி தனக்கென்று ஒரு கோல் செய்து வைத்துக்கொண்டால் இந்தச் சாமான்கள் ஒன்றுமே தேவையில்லையாம். மந்திரம் அந்தக் கோல் வழியாகவே பாயும். ஆனால் அதை அவளே செய்ய வேண்டும், அவள் கையில் மட்டும்தான் அது வேலை செய்யும்.

வாவிக்கரைச் சேற்றில் வேர் ஊன்றி நிற்கும் கண்ணா மரத்தில் நேரான கம்பு ஒன்றை முறித்து, பட்டையை உரித்து, கூரைத் தகரத்தில் காயப்போட்டேன். தேங்காயெண்ணெய் பூசினேன். உடைந்த பழைய ரேடியோ ஒன்றிலிருந்து செப்புக் கம்பியை உருவி அடிப்பக்கத்தில் சுற்றினேன். நுனியில் வாவியில் பொறுக்கிய ஊரிச் சிப்பி ஒன்றைச் செருகினேன். அது நில்லாமல் விழுந்து விழுந்து போனது. கட்ட நூல் தேடியபோது சாமிப்படத்துக்குக் கீழே, அம்மன் கோயில் சடங்கில் கொடுத்த மஞ்சள் நூல் உருண்டை கிடைத்தது. எங்கள் கோயிலில் பூசை செய்கிற கட்டாடியார் காப்புக் கட்டும்போது ஒவ்வொரு முடிச்சுக்கும் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்து ஊதுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் முடிச்சுக்கு முடிச்சு முணுமுணுத்து ஊதினேன்.

மாமா கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "புத்தகத்தில இந்த முடிச்செல்லாம் இல்ல மனே. எண்டாலும் நல்லா இரிக்கி. இருக்கட்டும்." மகன், மகள் என்று பாராமல் பிள்ளைகளுக்கு எங்கள் ஊரில் 'மனே'தான்.

அந்தக் கோலால் நான் அதிகம் போட்டது கவச மந்திரம். தம்பியைச் சாகவிடாமல் வைத்திருக்க அதைவிட்டால் வேறு வழி இல்லை. கோலால் அவன் தோளைத் தொட வேண்டும். "சந்தோஸ் டர்பன் அன்ட்வெர்ப்" என்று சொல்ல வேண்டும். அது மாமா தந்த மந்திரம். அவையெல்லாம் அவர் போய் வந்த துறைமுகங்களின் பெயர்கள் என்று தெரியவரும்போது நான் பெரியவளாகியிருந்தேன். பிறகு இருபது முகக் கட்டையை உருட்ட வேண்டும். பத்துக்கு மேல் விழுந்தால் மந்திரம் பலிக்கும். பலித்தாலும் என் முறை மறுபடி வரும் வரைக்கும்தான் கவசம் நிற்கும்.

ஒரு நாள் காலையில் எங்கள் ஒழுங்கையில் ரவுண்டப். வீடு வீடாக ஆமி ஏறியது. மாமா கப்பல் வேலைக்கான பதிவுப் புத்தகத்தையும் ஐசி என்ற அடையாள அட்டையையும் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். உள்ளே வந்தது மீசை சரியாக அரும்பாத ஒரு சின்ன ஆமிக்காரன். தகரப் பெட்டியைத் திறந்து துணிகளைக் கிளறினான். முதலில் புத்தகத்திலிருந்த கொம்பு வைத்த பேய்களைப் பார்த்தான். பிறகு பேணியிலிருந்த கட்டைகளைப் பார்த்தான். கடைசியில் என் கோலை வெளியே எடுத்தான். மஞ்சள் நூலும் முடிச்சுகளும் கண்ணில் பட்டதும் சுட்டதுபோல் அதைப் போட்டுவிட்டுப் பின்னால் போனான்.

"இது யாருது?"

அம்மா பதறிப்போய் முற்றத்தில் நின்ற மாமாவைக் கையால் காட்டினார். அவர் கையிலிருந்த பதிவுப் புத்தகத்தைத்தான் காட்டினேன் என்று பிறகு சத்தியம் செய்தார். ஆமிக்காரன் மாமாவை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பெட்டியை அவனே மூடிவிட்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று வெளியே நின்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு போனான். அன்று பகல் முழுக்க நாங்கள் சிரித்தோம். என் கோல் ஒரு ஆமிக்காரனைத் துரத்திவிட்டது என்று தம்பி வேலிக்கு மேலால் கத்தப்போய் அம்மாவிடம் அடி வாங்கினான்.

சிரிப்பு நிலைக்கவில்லை. சில நாள் கழித்து, மத்தியான வெயிலில் அதே ஆமிக்காரன் தனியாக வந்தான். துப்பாக்கி தோளில் தொங்கியது. இரண்டு கைகளிலும் ஒரு அடுக்கு வெற்றிலையை ஏந்திக்கொண்டு வந்து மாமாவுக்கு முன்னால் நீட்டினான்.

"கட்டாடி மஹத்தயா," என்று மரியாதையாகக் கூப்பிட்டான்.

எங்கள் கோயில் கட்டாடியாரைச் சொல்கிற வார்த்தை இவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் வாயைப் பிளந்தேன். சிங்களத்திலும் மந்திரக்காரருக்கு அதே பெயர்தான் என்பதும், மட்டக்களப்பில் மந்திரம் பலமானது என்று சிங்கள ஊர்களிலும் பேச்சு என்பதும், மாமா இப்படி வெற்றிலையும் கையுமாக மாட்டுப்பட்டு முழித்ததற்குப் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

மாமா தனக்குத் தெரிந்த சிங்களத்தில் இது விளையாட்டு, சின்னப் பிள்ளைகளின் விளையாட்டு என்று சொல்லிப் பார்த்தார். அவன் பணிவாகத் தலையாட்டினான். பெரிய மந்திரவாதிகள் இப்படித்தான் மறுப்பார்கள் என்பது அவனுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

"நான் போறது யாப்பணய. சண்டைக்கு," என்றான், யாழ்ப்பாணத்தைச் சிங்களத்திலும் மிச்சத்தைத் தெரிந்த தமிழிலும். "வீட்டில அம்மா தனி. ஒரு நூல் கட்டுறது. அவ்வளவுதான்."

அம்மா கதவுக்குப் பின்னால் நின்று கையைப் பிசைந்தார். ஆமிக்காரன் வெற்றிலையோடு வந்து போகிற வீடு என்று நாளைக்கு ஊர் கதைத்தால் இயக்கத்திலிருந்து கேள்வி வரும். இல்லை, கட்ட முடியாது என்று திருப்பி அனுப்பினால் இவன் முகம் எப்படி மாறுமோ தெரியாது. மாமா வெற்றிலையை வாங்கிக்கொண்டார். என் கோலை எடுத்துவரச் சொல்லி, அதிலிருந்து மஞ்சள் நூலை அறுக்கப் போனார்.

"அது என்ட கோல்," என்றேன். "நான் பிடிச்சாத்தான் வேலை செய்யும்."

மாமா என்னை முறைத்தார். ஆமிக்காரனோ என்னைப் பார்த்துக் கும்பிட்டான். மை போட்டுப் பார்ப்பதற்குக் குழந்தைகளை இருத்துவது எங்களிடமும் உண்டு, அவர்களிடமும் உண்டு. அவன் துப்பாக்கியைச் சுவரோடு சாய்த்து வைத்துவிட்டு, என் உயரத்துக்கு முழங்காலில் இருந்தான். கிட்டத்தில் பார்த்தபோது அவன் கன்னத்தில் பருக்கள் இருந்தன. நான் கோலால் அவன் தோளைத் தொட்டு, "சந்தோஸ் டர்பன் அன்ட்வெர்ப்" என்றேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். மாமா கோலிலிருந்து நூலை அறுத்து அவன் மணிக்கட்டில் கட்டினார். முடிச்சு இரண்டாம் தடவைதான் விழுந்தது.

எல்லாம் சரி, ஒன்று விட்டுப்போய்விட்டது.

"மாமா, கட்டை உருட்டல்ல..."

மாமா என் வாயைப் பொத்தினார். அந்த வீட்டில் என் வாய்க்கு ஓய்வே இல்லை.

அதன் பிறகு நானும் தம்பியும் பாலத்தால் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் அவன் சென்றியிலிருந்து கையை உயர்த்திக் காட்டுவான். மணிக்கட்டில் மஞ்சள் நூல் தெரியும். எனக்குத்தான் நிம்மதி இல்லை. கட்டை உருட்டாத மந்திரம் பலித்ததா பலிக்கவில்லையா? பலித்திருந்தாலும் கவசம் ஒரு முறைக்குத்தானே நிற்கும், அவனுடைய முறை எப்போது முடியும்? நூல் போன கோலில் இனி மந்திரம் பாயுமா? மாமாவைக் கேட்டால், "அது வேற விளையாட்டு மனே" என்பார். அப்படியென்றால் அந்த விளையாட்டுக்கு விதி என்ன என்று கேட்டால் எழுந்து போய்விடுவார்.

ஒரு நாள் சென்றியில் வேறு ஆள் நின்றான்.

அன்றிலிருந்து மாமாவின் கதைகளும் கெட்டுப்போயின. பூதங்கள் எங்களைக் கண்டதும் ஓடின. பாம்புகள் வழி விட்டன. தம்பி உருட்டியது ஒன்று என்றாலும், "பரவாயில்ல, தப்பிட்ட" என்றார் மாமா. யாரையும் சாகவிடவில்லை. தம்பிக்குப் பெரிய சந்தோஷம். எனக்கோ எரிச்சலாக இருந்தது, சாகவே முடியாத குகைக்குள் மந்திரவாதிக்கு என்ன வேலை?

வடக்கில் பெரிய சண்டை என்று செய்தி வந்தபோது மாமா ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டார். அரசாங்கத்து வானொலியைக் கேட்டுவிட்டு இயக்கத்து வானொலிக்குத் திருப்புவார். செத்தவர்களின் எண்ணிக்கை இரண்டிலும் ஒன்றாக இருக்காது.

"சாகிறது அவங்கட ஆக்கள்தானே. உனக்கென்ன?" என்றார் அம்மா. பிறகு, "அவன்ட தாயும் இப்ப ரேடியோவுக்குப் பக்கத்திலதான் இருப்பாள்," என்று சொல்லிக்கொண்டு குசினிக்குள் போனார். இரண்டில் எது அம்மாவின் அபிப்பிராயம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

இதுதான் சமயம் என்று நான் மாமாவின் பக்கத்தில் போய் இருந்தேன்.

"மாமா, அவருக்கு இன்னும் கட்டை உருட்டல்ல."

கத்துவார் என்றுதான் நினைத்தேன். அவர் கத்தவில்லை. ரேடியோவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பேணியை எடுத்து அந்தச் சிவப்புக் கட்டையைத் தேடினார்.

"கோலைக் கொண்டா."

கொண்டுவந்தேன். தொடுவதற்கு ஆள் இல்லையே, என்ன செய்வது என்று கேட்டேன்.

"அவனை நினைச்சுக்கொண்டு சொல்லு."

பருக்கள் உள்ள அந்தக் கன்னத்தை நினைத்துக்கொண்டு மூன்று பெயர்களையும் சொன்னேன். மாமா கட்டையை உருட்டினார். அது சீமெந்துத் தரையில் ஓடி, அலுமாரிக் காலில் முட்டி, சுழன்றது. நிற்பதற்குள் மாமா பாய்ந்து உள்ளங்கையால் அதை மூடிவிட்டார். அப்படியே தரையில் கையை ஊன்றிக்கொண்டு கனநேரம் இருந்தார். பிறகு கையைத் திருப்பாமலே விரல்களை மடக்கி, கட்டையைப் பேணிக்குள் போட்டு மூடியை அழுத்தினார்.

"எத்தின மாமா?"

"பார்க்கல்ல."

"பார்க்காட்டி எப்பிடித் தெரியும், பலிச்சிட்டுதா எண்டு?"

அவர் பேணியை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தார். எனக்கு வந்ததே ஒரு கோபம். நேரே குசினிக்குப் போய், "அம்மா, மாமா விளையாட்டில அளாப்புறார், ஏமாத்துறார்!" என்று முறையிட்டேன். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "விடு மனே" என்றார்.

அன்று முழுக்க நான் மாமாவோடு கதைக்கவில்லை. அவருடைய தடித்த புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாகத் தேடினேன். ஆங்கிலம் தெரியாததால் படங்களை மட்டும்தான் பார்க்க முடிந்தது. உருட்டிய கட்டையைப் பார்க்காமல் விடலாம் என்று அதில் ஒரு படத்திலும் இல்லை.