கொடியில் இரண்டு விரிப்புகள்

“ஆன், தே, த்ருவா…” என்று பிரெஞ்சில் எண்ணியபடி ஒவ்வொரு தலையாகத் தொட்டுக்கொண்டே வருகிறார் மதலேன். உப்பளம் பேட்டையில் எங்கள் மாதா கோயிலை ஒட்டிய மண்டபம். மே மாதத்துக் காலை எட்டு மணி. விடுமுறை முகாமுக்கு வந்த பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். இருபதைத் தாண்டியதும் யாராவது ஒரு வாண்டு எழுந்து ஓடும். “எண்ணிக்க போச்சா! எல்லாம் உக்காரு” என்று கத்திவிட்டு மறுபடியும் முதல் தலைக்கே போவார். தமிழில் எண்ணினால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். “புள்ளைங்கள எண்ணக் கத்துக்கிட்டது அங்கதான சார்? தமிழ்ல எண்ணுனா பட்டன் எண்ணுற மாதிரி இருக்குது” என்றார்.

மற்ற பதினொரு மாதமும் தையலும் பட்டனும்தான். புதுநன்மை என்னும் முதல் நற்கருணைக்குப் போகும் சிறுமிகளின் வெள்ளைக் கவுன், பள்ளிச் சீருடை, அக்கம்பக்கத்துப் பெண்களின் ரவிக்கை. உதட்டிடுக்கில் நாலைந்து குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசுவார்; ஒன்றுகூட விழுந்து நான் பார்த்ததில்லை. வயது முப்பத்தொன்பது. மணம் செய்துகொள்ளவில்லை. காபியை டம்ளரில் குடிக்கமாட்டார். கிண்ணத்தில் ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்தி, ரொட்டியைப் பிய்த்து அதில் நனைத்துச் சாப்பிடுவார். பத்து வருஷத்துக்கு முன் இரண்டே மாதம் பிரான்சில் இருந்தவர் என்பதற்கு இப்போது மிஞ்சியிருப்பது எண்ணிக்கையும் அந்தக் கிண்ணமும்தான்.

1976இல் அவர் கன்னியாஸ்திரீகள் நடத்திய பூவேலைக் கூடத்தில் தைத்துக்கொண்டிருந்தார். அங்கிருந்த வயதான பிரெஞ்சு சிஸ்டருக்கு உடம்பு தளர்ந்துபோய், ஊருக்கே திரும்புவது என்றாயிற்று. துணைக்கு ஒரு பெண் வேண்டும். மற்ற வீடுகளில் அனுப்ப மறுத்துவிட்டார்கள். மதலேனுடைய அப்பா மில் தொழிலாளி. அவர் மட்டும், “போய்ட்டு வாம்மா. நான் துறைமுகத்துல கப்பலப் பாத்துக்கிட்டே காலத்த ஓட்டிட்டேன். நீயாவது ஏறு” என்றாராம்.

சிஸ்டரைக் கொண்டுபோய் மடத்தில் விட்டார். திரும்புவதற்கு இரண்டு மாதம் இருந்தது. மலையடிவாரத்தில் திருச்சபை நடத்திய கோடைமுகாமில் சம்பளமில்லாமல் உதவி செய்ய வருகிறாயா என்று கேட்டார்கள், போனார். அந்த முகாமைப் பிரெஞ்சில் ‘கொலோனி’ என்பார்கள். இவர் ஊருக்கு வந்து அப்படியே சொல்லப்போக, பக்கத்து வீட்டு செல்வாம்பாள், “என்னா காலனி? மூலக்குளத்துல மனை போட்டு விக்கிறாங்களே, அந்த மாதிரியா?” என்று கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்.

முகாமின் பொறுப்பாளர் மத்மொசேல் மார்த் என்ற கண்டிப்பான அம்மாள். முதல் நாள் இவருடைய பெயரைக் கேட்டுவிட்டு, “அது எங்கள் பிரெஞ்சுப் பெயர். உன் சொந்தப் பெயர் என்ன?” என்றாராம். “இதான் என் சொந்தப் பேருன்னு சொல்றதுக்குள்ள ஒரு வாரம் ஓடிப்போச்சு சார்.” வந்திருந்த நாற்பது பிள்ளைகளும் நகரத்து ஆலைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். அதைச் சொல்லும்போது மதலேனுடைய குரல் கனிந்துவிடும். “எல்லாம் நம்மள மாதிரி மில்லுக்காரங்க வீட்டுப் புள்ளைங்க. சங்கு ஊதுனா எந்திரிக்கிற புள்ளைங்க.”

அங்கே ஒரு விதி இருந்தது. படுக்கையை நனைத்த பிள்ளை தன் விரிப்பைத் தானே அலசி, காலை ஜெபம் முடிந்து எல்லோரும் முற்றத்தில் நிற்கும்போது, நடுவிலிருக்கும் கொடியில் போடவேண்டும். சுத்தம் பழகுவதற்கு என்றார்கள். ஓதில் என்ற ஏழு வயதுச் சிறுமி நான்கு நாள் தொடர்ந்து போட்டாள். மற்ற பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். உதடு வெடித்து, சூப்பைக்கூடத் தள்ளிவிட்டாள்.

ஐந்தாம் நாள் மணி அடிப்பதற்கு முன்பே மதலேன் எழுந்தார். ஓதிலின் படுக்கையைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். தன் கட்டிலுக்கு வந்து, ஜாடியிலிருந்த தண்ணீரை முழுவதும் தன் விரிப்பில் கவிழ்த்தார். ஜெபம் முடிந்தது. ஓதில் தலையைக் குனிந்துகொண்டு கொடிப்பக்கம் போனாள். பின்னாலேயே மதலேன் தன் விரிப்பைத் தூக்கிக்கொண்டு போய், அவளுடையதன் பக்கத்தில் உதறிப் போட்டார்.

“நாப்பது புள்ளைங்களும் வாயப் பொளந்துக்கிட்டு பாக்குது. அப்பறம் சிரிப்பு பாருங்க, மலையே எதிரொலிக்குது. ஒரு பெரிய பையன், ‘நீங்களுமா?’ன்னான். ‘வி, முவா ஒசி’ன்னேன். ஆமாம், நானுந்தான்னு. நம்மூர்ல நடந்துருந்தா வெக்கத்துல செத்துருப்பேன் சார். இருவத்தொம்பது வயசுப் பொம்பள!”

மத்மொசேல் மார்த் அறைக்குக் கூப்பிட்டார். அடுத்த பஸ்ஸிலேயே அனுப்பிவிடுவார்கள், கூட்டிவந்த சிஸ்டருக்கும் கெட்ட பெயர் என்று நினைத்துக்கொண்டே மதலேன் போனார். ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்வி புரிந்தது. பதிலுக்குப் பிரெஞ்சு வரவில்லை. “வாயத் தொறந்தா தமிழாத்தான் வருது. ‘சின்னப் புள்ளம்மா. விடிஞ்சா பயப்படுது. தண்ணி குடிக்க மாட்டேங்குதும்மா. வேணாம்மா’ன்னு அழுதுட்டேன்.” அந்த அம்மாள் போகலாம் என்று கையைக் காட்டினார்.

மறுநாள் சமையற்கட்டின் பின்புறம், யார் கண்ணிலும் படாத இடத்தில் புதிதாக ஒரு கொடி கட்டியிருந்தது. நனைந்த விரிப்புகள் அதற்குப் பிறகு அங்கேதான் காய்ந்தன.

“அப்பறம் அந்தப் பொண்ணு சரியாயிடுச்சா?” என்று கேட்டேன்.

“எங்க? அடுத்த வாரமும் நனைஞ்சுதான் கெடந்துச்சு. ஆனா தண்ணி குடிச்சா சார். மடக்கு மடக்குனு குடிச்சா.”

ஆகஸ்டு முடிவில் பிள்ளைகளை ஏற்றிச்செல்ல பஸ் வந்தது. ஓதில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். எழுப்ப மனம் வராமல் மதலேன் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் கடைசி. “இப்ப பதினேழு வயசு இருக்கும். என்னைய நெனப்பு இருக்காது. இருக்கவும் வேணாம். என்னைய நெனச்சா அந்தக் கொடியும் நெனப்பு வந்துடுமே.” குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு மறுபடி துணியைக் குனிந்து பார்த்தார்.

திரும்பி வந்த அடுத்த மே மாதமே பங்குச் சாமியாரிடம் முகாம் நடத்த மண்டபத்தைக் கேட்டு வாங்கினார். வருஷம் தவறியதில்லை. எந்தக் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை என்று யாரையும் கேட்பதில்லை.

இந்த ஆண்டு முதல் நாள் நானும் இருந்தேன். மீன் கூடையோடு வைத்திக்குப்பத்திலிருந்து வந்த ஒரு தாய், ஐந்து வயது மகளை விட்டுவிட்டு விரைந்து போய்விட்டாள். அந்தச் சிறுமி உள்ளே வரவில்லை. வெளியில் நின்று இரும்புக் கேட்டின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு வீறிட்டாள். முகாமுக்கு உதவ வந்த இளம்பெண்கள் இருவர் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார்கள். மதலேன் அவர்களை விலகச் சொன்னார். கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனார். சிறுமியின் பக்கத்தில் மண்ணிலேயே குந்தி உட்கார்ந்து, தானும் இரண்டு கையாலும் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து உள்ளே பார்க்கத் தொடங்கினார்.