சிவப்பு நிழல்

காரைக்கால் ரயிலில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர் என்ற அளவில்தான் அவரைத் தெரியும். நாற்பது வயதிருக்கும். மடியில் சாப்பாட்டுப் பை. கைபேசியில் மணி பார்ப்பதற்குக்கூட முதலில் மூக்குக் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொள்வார்.

என் மடியில் லேப்டாப். லினக்ஸ் திரையில் திறக்கும் ஜன்னல்களைச் சுற்றி மெல்லிய நிழல் விழவேண்டும் என்று மூன்று நாட்களாக, திரை எப்படித் தெரியவேண்டும் என்று எழுதிவைக்கும் ஒரு கான்ஃபிக் ஃபைலில் எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன். நிழல் மென்மையாகிக்கொண்டே வருவதாக எனக்குப் பெருமை. வீட்டில் மனைவியும் ஆமாம் என்றிருந்தாள். அவர் எட்டிப் பார்த்ததும் அவரிடமும் காட்டினேன்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். "அது இந்த ஃபைலத்தான் படிக்குதுன்னு எப்படித் தெரியும் சார்?"

"மாறியிருக்கே, தெரியலையா?"

"நெழல நல்ல செவப்பாக்கிப் பாருங்க. அசிங்கமாச்சுன்னா இதுதான் ஃபைல்."

சிவப்பாக்கினேன். திரையில் ஒன்றுமே மாறவில்லை.

"மறைஞ்சிருக்கிற ஃபைலையும் காட்டச் சொல்லுங்க," என்றார். என் ஹோம் ஃபோல்டருக்குள் மறைந்திருந்த ஒரு ஃபோல்டரில் அதே பெயரில் இன்னொரு ஃபைல் இருந்தது. அதில் அதே வரியை மாற்றியதும் ஜன்னல்களைச் சுற்றி ரத்தச் சிவப்பு. அவர் சிரிக்கக்கூட இல்லை. "இனிமே உங்க இஷ்டம் சார்," என்று நாகூரில் இறங்கிப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சிவப்பை எடுத்துவிட்டு, முதன்முறையாக நிஜமாகவே நிழலை மென்மையாக்கி மனைவிக்குக் காட்டினேன்.

"முன்னாடி இருந்ததுதாங்க நல்லா இருந்துச்சு," என்றாள்.

நான் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தேன்.